தோல் ஒட்டுக் கழன்றால்: குறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

செருப்பு, பெல்ற், பேர்ஸ், கத்தியுறை என்று எதுவாக இருந்தாலும் ஒட்டுக் கழன்றவுடன் எல்லோரும் செய்வது, கடைக்குப் போய் வேறொரு பசை வாங்குவது. பெரும்பாலும் பிழை பசையில் இருக்காது. புதுப் பசைக்குக் காசு கொடுக்க முதல், கழன்ற இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை எங்கே மிஞ்சிக் கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்பதுதான் முதல் சாட்சி.

பசை முழுவதும் ஒரு பக்கத்தில் இருந்து, மற்றப் பக்கம் துப்புரவாக இருந்தால் அந்தத் துப்புரவான பக்கத்தில்தான் கோளாறு: மினுக்கப் பூச்சு, எண்ணெய், தூசி, மெழுகு. இரண்டு பக்கமும் பசை இருந்து, நூல் நூலாக இழுபட்டுப் பிசுபிசுத்தால் காய முதல் ஒட்டியிருக்கிறீர்கள். அல்லது பிறகு ஏதோ பசையை இளக்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் பசை படலமாக, மினுங்கிக்கொண்டு, ஒன்றையொன்று தொடாதது போல் கிடந்தால் நேரம் பிந்தி ஒட்டியது, அல்லது தட்டி அமத்தவில்லை. பசையில் தோலின் நார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, தோல்தான் கிழிந்திருக்கிறது. அங்கே எந்தப் பசையாலும் பயனில்லை, தையல் வேண்டும்.

இங்கே சொல்லப்படும் பசைகள் பெரும்பாலும் நான்கு. சப்பாத்துப் பசை என்பது இரு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும், நியோப்பிரீன் என்ற செயற்கை றப்பர் சேர்ந்த மஞ்சள் பசை. பலகைப் பசை என்பது தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை. சொலூசன் என்பது சைக்கிள் ரியூப் ஒட்டும் றப்பர் கரைசல். தோலில் அதைத் தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும் பாவியுங்கள், விளிம்பு மடிக்கவும் தைக்கும் வரை துண்டு அசையாமல் இருக்கவும் அது போதும். நான்காவது பி.யு. (பொலியூரித்தேன்) பசை, சோல் ஒட்டுபவர்களிடம் இருக்கும்.

"மேல்பக்கம் அப்படியே உரிஞ்சு வந்திட்டுது"

அதிகம் காணும் குறி இதுதான். தோலின் மேல்முகத்தில் தொழிற்சாலையில் அடித்த பூச்சு இருக்கும். பசை தோலைப் பிடிக்காது, அந்தப் பூச்சைத்தான் பிடிக்கும். பூச்சு கழன்றால் பசையும் சேர்ந்து வரும். கைப்பிடி வார், பெல்ற்றின் வளையம் மடங்கும் இடம், செருப்பு வாரின் நுனி என்று மேல்முகத்தோடு உள்முகம் சேரும் இடங்கள் எல்லாம் இப்படித்தான் கழலும்.

செய்ய வேண்டியது: ஒட்டு விழும் இடத்தை மட்டும் பென்சிலால் கோடு போட்டு எல்லை பிரியுங்கள். கோட்டுக்கு 1 மில்லிமீற்றர் உள்ளே நின்று, 60 அல்லது 80 இலக்க சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும் வரை தேயுங்கள். நிறம் போனால் போதாது, விரலால் தடவினால் பூனை மயிர் மாதிரி நார் எழும்ப வேண்டும். குறுகிய இடத்துக்கு உடைந்த ஹக்சோ பிளேட்டின் பல்லே போதும். தூசியைப் பழைய பல் பிறஷால் தட்டிவிட்டு, பார்மசியில் விற்கும் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து 10 நிமிடம் ஆறவிடுங்கள்.

பழைய தோலில் இன்னொரு வில்லங்கம் தேங்காயெண்ணெய். தோல் வெடிக்காமல் இருக்க எண்ணெய் தடவுவது எங்கள் வீடுகளில் பழக்கம். அது நாருக்குள் இறங்கி இருந்துகொண்டு, ஒட்டிய பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்து பசையை இளக்கும். ஸ்பிரிட்டால் மேலால் துடைத்தால் அன்று பிடிக்கும், ஒரு மாதத்தில் கழலும். அந்த இடத்தில் சோளமாவோ முகப்பவுடரோ தடிப்பாகத் தூவி, மேலே கடதாசி வைத்து, மெல்லிய சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்து எடுங்கள். மா எண்ணெயை உறிஞ்சி நிறம் மாறும். மா வெள்ளையாகவே வரும் வரை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். புதுச் சாமானுக்கு ஒரே விதி: முதல் ஒட்டு, பிறகு தையல், கடைசியில்தான் எண்ணெய்.

"உள்பக்கம் எவ்வளவு பூசினாலும் குடிச்சுக்கொண்டே இருக்குது"

தோலின் உள்முகம் தளர்ந்த நார். முதல் பூச்சு முழுவதையும் அது உறிஞ்சிவிடும். மேலே ஒட்டுவதற்குப் படலம் மிஞ்சாது. தடிப்பாக ஒரே தரம் அப்புவது தீர்வல்ல. முதலில் கூரிய கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, தொங்கும் நாரை எடுங்கள். முதல் பூச்சை மெல்லியதாகத் தேய்த்து ஏற்றி, 15 நிமிடத்துக்கு மேல் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு இரண்டாவது பூச்சு. அது காய்ந்ததும் சரிவாக வைத்துப் பார்த்தால் முழு இடமும் ஒரே சீராக மினுங்க வேண்டும். மங்கலாகத் தெரியும் திட்டில் இன்னும் கொஞ்சம் பூசுங்கள்.

ஆட்டுத்தோலின் வயிற்றுப் பகுதி, மாட்டுத்தோலின் விலாவோரம் இரண்டும் இயல்பிலேயே பஞ்சுத் தோல். பாரம் தாங்கும் வாரை அதில் வெட்டாதீர்கள். முதுகுப் பக்கத்தில் வெட்டிய வாருக்குத் தேவைப்படுவதை விடக் கூடப் பசை இதற்குப் போகும், அப்படியும் நார் பிய்ந்துதான் வரும்.

"காய வைச்சுத்தான் ஒட்டினது, பிடிக்கேல்லை"

சப்பாத்துப் பசை ரின்னில் பொதுவாக 10 முதல் 20 நிமிடம் காயவிடச் சொல்லியிருக்கும். அது மிதமான சூட்டுக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வைகாசியில் தகரக் கொட்டிலுக்குள் இருந்து பூசினால் மேல்படலம் ஐந்து நிமிடத்திலேயே காய்ந்ததுபோல் காட்டும், அடியில் கரைப்பான், அதாவது பசையைக் கரைத்து வைத்திருக்கும் திரவம், அப்படியே அடைபட்டுக் கிடக்கும். தொட்டுப் பார்த்து ஒட்டுவீர்கள். மத்தியில் இளகலாக இருந்து பிறகு வழுக்கும். பரிகாரம் மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒன்றை விட மெல்லியதாக இரண்டு. வேலையைக் காலை பத்து மணிக்கு முதல் முடிப்பது அதைவிட நல்லது.

சோதிப்பது விரல் நுனியால் அல்ல, மடக்கிய விரலின் முட்டியால். நுனியில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். முட்டியை வைத்து எடுத்தால் இலேசாகப் பிடித்து இழுக்க வேண்டும், பசை முட்டியில் ஒட்டி வரக்கூடாது, நூல் விடக்கூடாது. அதுதான் தருணம்.

நேரம் பிந்தினால் கழுவிப் பூசத் தேவையில்லை. ஹெயார் ட்ரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து இரு படலத்தையும் சூடாக்குங்கள். 60 முதல் 70 பாகை வரை சூடு ஏறினால் காய்ந்த நியோப்பிரீன் திரும்ப உயிர்க்கும். தொட்டால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்க வைக்கவில்லை என்ற அளவோடு நிறுத்தி உடனே சேருங்கள். கரண்ட் இல்லாத இடத்தில் இரண்டு துண்டையும் தகரத்தின் மேல் வெயிலில் பசை மேலாகப் பத்து நிமிடம் வைத்தாலும் போதும், காற்றில்லாத நேரமாக இருந்தால். சோளகம் அடிக்கும் மாதங்களில் வெளியில் வைத்தால் பசையில் செம்மண் படிந்து, ஒட்டும் நாளிலேயே கழலும் நாளைக் குறித்துக் கொடுத்துவிடும்.

அடுத்தது அமத்துவது. இந்தப் பசைக்கு எவ்வளவு நேரம் பாரம் வைத்தோம் என்பது கணக்கில்லை, எவ்வளவு பலமாக அமத்தினோம் என்பதுதான் கணக்கு. கல்லை வைத்து இரவெல்லாம் விடுவது பலகைப் பசைக்குரிய முறை. சப்பாத்துப் பசைக்குச் சமமான இரும்புத் துண்டின் மேல் வைத்து, முகம் வழுவழுப்பான சுத்தியலால் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டு போங்கள். மேல்முகம் தழும்பு விழும் தோலென்றால் இடையில் ஒரு தோல் துண்டு. உருண்டைப் போத்தலை அழுத்தி உருட்டுவதும் பேர்ஸ் போன்ற மெல்லிய வேலைக்குப் போதும். முழுப் பலம் வர 24 மணித்தியாலம். அதற்கு முதல் காலில் போட்டு நடந்துவிட்டுப் பசையைக் குறை சொல்லக்கூடாது.

மாரியில் மட்டும் வரும் குறி: பசை வெள்ளையாகப் பனிப்புகார் படர்ந்தது போல்

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வன்னியில் வரும் முறைப்பாடு. பூசிய பசை மஞ்சளாகக் காயாமல் மேலே வெண்மையாகப் படரும், தொட்டால் ஒட்டாது. கரைப்பான் கெதியாக ஆவியாகும்போது அந்த முகத்தைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் நீர் படியும். நீர்ப்படலத்தின் மேல் எந்தப் பசையும் சேராது.

வெளுத்த படலத்தை இளஞ்சூட்டில் காட்டினால் நீர் போய்த் திரும்பத் தெளியும். தெளிந்த பிறகு மேலே மெல்லிய ஒரு பூச்சுப் போட்டு, அது காய்ந்ததும் சூட்டோடு சேருங்கள். தோலும் ஈரம் குடித்திருக்கும். மாரியில் வேலை தொடங்க முதல் துண்டுகளை ஹெயார் ட்ரையரிலோ, கதகதப்பான ஸ்திரிக்கைப் பெட்டியின் கீழ் துணி வைத்தோ காயவைத்துக்கொள்வது நல்லது. அடுப்புப் பக்கத்தில் தோலைக் காயவைக்கலாம். ஆனால் பசை பூசியது அங்கே போகவே கூடாது. இந்தக் கரைப்பானின் ஆவி காற்றிலும் பாரமானது. தரையோடு ஓடிப் போய் அடுப்பிலோ நுளம்புத்திரியிலோ விளக்கிலோ தீப்பிடிக்கும். பூசும் அறையில் எதிரெதிரான கதவு, யன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும், மழை பெய்தாலும். தலையிடியும் கிறுதியும் வந்தால் போதியளவு காற்றில்லை என்று அர்த்தம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

"ஒட்டி மூண்டு கிழமை, இப்ப வழுக்கிக்கொண்டு போகுது"

மோட்டார்சைக்கிள் சீற், பள்ளிக்கூடப் பை, வார் மட்டும் தோலாக இருக்கும் கைப்பை: கேள்வி ஒன்றுதான், மற்றத் துண்டு தோலா, ரெக்சின் என்ற செயற்கைத் தோலா? ரெக்சின் பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது வளைவதற்காக அதற்குள் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கி சேர்த்திருப்பார்கள். அந்த மென்மையாக்கி நாள் போகப் போகப் பசைக்குள் நகர்ந்து, நியோப்பிரீனைப் பிசின் ஆக்கிவிடும். ஒட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் இரும்பு மாதிரி நிற்கும். மூன்று நான்கு கிழமையில் வழுக்கும். வெயிலில் நிற்கும் சீற்றில் இன்னும் கெதி. கரைந்த பசை கறுத்து ஒட்டலாக இரு பக்கமும் இருந்தால் இதுதான் காரணம்.

சப்பாத்துப் பசையில் எந்த மார்க்கை மாற்றினாலும் இதே கதைதான். பி.வி.சிக்குப் பி.யு. பசை. ரெக்சினை அசிற்றோன் தொட்ட துணியால் ஒரே திசையில் ஒருமுறை துடையுங்கள், நின்று தேய்த்தால் முகம் கரையும். பி.யு. பசையை இரு பக்கமும் பூசி, 15 முதல் 20 நிமிடம் காயவிட்டு, சூடுகாட்டிச் சேர்த்துத் தட்டுங்கள். சூடு இல்லாமல் பி.யு. பசை அரைகுறையாகத்தான் பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் ஒட்டை நம்பாமல் தைத்துவிடுங்கள். உருக்கி ஊற்றும் பசைக் குச்சியைச் சீற்றுக்குப் பாவிக்கவே வேண்டாம். பங்குனி வெயிலில் நிற்கும் கறுப்புச் சீற்றின் சூட்டில் அது திரும்ப இளகும்.

சோல் தூளாகக் கொட்டுகிறது

வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய சப்பாத்து. கலியாண வீட்டுக்கு என்று பெட்டியோடு அலுமாரியில் வைத்து, ஐந்தாறு வருடம் கழித்துப் போட்டுக்கொண்டு போனால் பாதி வழியில் சோல் பிட்டுப் பிட்டாக விழும். இது ஒட்டுக் கழன்றதல்ல. நுரை பி.யு. சோல் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளே சிதைந்து போவது. போடாமல் வைத்திருப்பதால் அது காப்பாற்றப்படுவதும் இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றாலோ, உதிர்ந்தாலோ பசைக்குச் செலவழிக்க வேண்டாம். மேல்தோல் நல்லதென்றால் பழைய சோல் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, றப்பர் சோல் வைத்து ஒட்டி, சுற்றிவரத் தைக்கலாம். அவ்வளவுதான்.

மடித்த இடத்தில் உள்பக்கம் சுருங்கி மேடு விழுகிறது

பசை நன்றாகப் பிடித்திருக்கும், ஆனால் பேர்ஸை மடித்தால் உள்துணியோ உள்தோலோ வரி வரியாகப் பொங்கும். தட்டையாக வைத்து ஒட்டியதன் விளைவு. வளைந்தால் வெளித்தோல் போகும் தூரம் கூட, உள்தோல் போகும் தூரம் குறைவு. கணக்குச் சிறியது: இரண்டு தோலின் தடிப்பையும் கூட்டி இரண்டால் பிரித்து, முழு மடிப்புக்கு 3.14 ஆல் பெருக்குங்கள். வெளித்தோல் 1.5 மில்லிமீற்றர், உள்தோல் 1 மில்லிமீற்றர் என்றால் 1.25 ஐ 3.14 ஆல் பெருக்க ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். உள்தோல் அவ்வளவு கட்டையாக இருக்க வேண்டும்.

பெல்ற்றுக்கு முழுச் சுற்று என்பதால் இரட்டிப்பு. 2 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு தோலைச் சேர்த்தால் வித்தியாசம் 12.5 மில்லிமீற்றர், அரை அங்குலம். தட்டையாக ஒட்டிய பெல்ற் ஒரு வருடத்தில் உள்பக்கம் முழுக்க வரி விழுவது இதனால்தான்.

ஒட்டும் முறை: ஒரு அந்தத்தில் இரண்டு அங்குலத்தை மட்டும் சேர்த்து, மிச்சத்தின் இடையில் பொலித்தீன் தாளைக் கொடுங்கள். காய்ந்த பசை பொலித்தீனில் ஒட்டாது. பெரிய ரின்னிலோ வாளியிலோ வளைத்துப் பிடித்துக்கொண்டு, பொலித்தீனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க உள்தோலை அமத்திக்கொண்டு போங்கள். உள்தோலை நீளம் கூட விட்டு, முடிவில் வெட்டினால் கணக்கே தேவையில்லை. சப்பாத்துப் பசை தொட்ட இடத்தில் அசையாது. நிதானமில்லாத கைக்கு இந்த வேலையில் பலகைப் பசை உகந்தது, ஐந்து நிமிடமாவது நகர்த்திச் சரிபார்க்கலாம்.

கத்தியுறை மழையில் நனைந்து வாய் பிளந்தது

பிளந்த வாயில் வெள்ளைப் பசை வழுவழுத்தால் பலகைப் பசை நீரில் இளகியிருக்கிறது. வயலுக்கும் காட்டுக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் சாமானுக்கு அது பொருந்தாது. நனைத்து அச்சில் வைத்து உருவாக்கும் உறைக்கும் அப்படியே. பழைய பசையை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, தோலை நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, சப்பாத்துப் பசையால் ஒட்டித் தையுங்கள். கத்தியின் வெட்டுவாய் வரும் பக்கத்தில் இரண்டு தோலுக்கு நடுவே ஒரு வார்த் துண்டும் வைத்து ஒட்டினால்தான் கத்தி நூலை அறுக்காது. தைக்கும்போது ஊசி பிசுபிசுத்து ஏறாவிட்டால் பசை இன்னும் ஆறவில்லை. அடுத்த நாள் தைக்கலாம். அவசரமென்றால் ஊசியைத் தேன்மெழுகில் குத்திக் குத்தி எடுங்கள்.

ஒட்டிய இடம் ஓடு மாதிரி இறுகி, பக்கத்தில் வெடிக்கிறது

சூப்பர் குளூ. தோலுக்குள் ஊறி அந்தத் திட்டைக் கண்ணாடியாக்கும். வளையும்போது இறுகிய இடத்துக்கும் மென்மையான இடத்துக்கும் நடுவே தோல் பிளக்கும். நூல் நுனியை அடக்க ஒரு சொட்டு, அதற்கு மேல் தோலில் அதற்கு வேலையில்லை. பஞ்சாலோ பருத்தித் துணியாலோ அதைத் துடைக்கவும் கூடாது, பருத்தி பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும். ஏற்கெனவே இறுகிய இடத்தை அசிற்றோனால் இளக்கலாம், ஆனால் தோலின் நிறமும் சேர்ந்து போகும். வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்பதே துப்புரவான வேலை.

செயற்கைக் காலின் தோல் வாருக்கு இதை ஒருபோதும் பாவிக்காதீர்கள். இறுகிய விளிம்பு உடம்புத் தோலை உரசிப் புண்ணாக்கும். தசையோடு படும் பக்கத்தில் பசையே வெளித்தெரியக்கூடாது. வாரின் வெளி அடுக்குக் கழன்றால் ஒட்டித் தைக்கலாம், காலின் கிண்ணத்தோடு சேரும் இடம் என்றால் கால் பொருத்தித் தந்த நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சாயம் ஏறாத திட்டுகள்

பசை பட்ட இடம் சாயம் குடிக்காது. சப்பாத்துப் பசை என்றால் அரைவாசி காய விட்டு, காய்ந்த பசையையே உருட்டி எடுத்த கட்டியால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். தின்னர் தொட்டால் கரைந்து இன்னும் உள்ளே இறங்கும். பலகைப் பசையை ஈரமாக இருக்கும்போதே நனைத்த துணியால் எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு மீட்சி இல்லை. சாயம் போட்ட பிறகு ஒட்டுவது சுலபம், ஒட்டு விழும் இடத்தில் மெழுகோ மினுக்கமோ பூசாமல் விட்டால்.

ரின்னுக்குள் பசை தடித்துவிட்டது

பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நியோப்பிரீன் திரிந்த பால் மாதிரிக் கட்டி பிரியும். தொலுயீன் உள்ள தின்னர், அல்லது அதே பசைக்காரர் விற்கும் தின்னர். முதலில் ஒரு சிரட்டையில் ஒரு கரண்டி பசைக்குச் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். சீராகக் கரைந்தால் ரின்னுக்கு ஊற்றலாம், பசையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். ஜெலி போல் துண்டு துண்டாக நின்று கரையாவிட்டால் அந்த ரின் முடிந்தது. பலகைப் பசைக்குத் தண்ணீர் இருபதில் ஒரு பங்கு. புளித்த மணம் வந்தால் எறியுங்கள்.

பெரிய ரின்னைத் திறந்து வைத்து வேலை செய்வதால்தான் இது நடக்கிறது. வாய் அகன்ற சிறிய கண்ணாடிப் போத்தலில் ஒரு நாளைக்குரியதை எடுத்துக்கொண்டு, பெரிய ரின்னை மூடி இறுக்கி, தகரக் கூரைக்குக் கீழே இல்லாமல் சீமெந்துத் தரையோடு நிழலில் வையுங்கள். மூடியின் வளையத்தில் பட்ட பசையை உடனே துடைத்துவிட்டு மூடினால் அடுத்த முறை திறக்கக் குறடு தேடத் தேவையில்லை.